சளியின் நிறம் சொல்வதும் சொல்லாததும்

மூக்கைச் சிந்திய பிறகு கைக்குட்டையை மடிப்பதற்கு முன் ஒரு கணம் அதைப் பார்த்துக்கொள்ளாதவர் அரிது. தெளிவாக இருந்தால் நிம்மதி அடைகிறோம். மஞ்சளாக இருந்தால் சற்றுக் கவலைப்படுகிறோம். பச்சையாக இருந்தால் நேரே மருந்துக் கடைக்குப் போகிறோம். "சளி பச்சையாக வருகிறது, ஒரு ஆன்டிபயாடிக் கொடுங்கள்" என்று கேட்டு ஐந்து நாள் மாத்திரையை வாங்கிவந்து, மூன்றாம் நாளே மூக்கு தெளிந்துவிட்டால் மீதியை அலமாரியில் போட்டுவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மூக்குச்சளியின் நிறங்களிலேயே அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்தப் பச்சைதான் என்பதால், மற்ற நிறங்களைவிட அதைப் பற்றியே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சளி என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். "சளி பிடித்திருக்கிறது" என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லையே நோயின் பெயராக்கிவிட்டோம். ஆனால் எந்த நோயும் இல்லாத நாளிலும் நம் மூக்கும் அதைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் வரை சளியைச் சுரக்கின்றன. அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் வெறும் தண்ணீர். மிச்சத்தில் கொஞ்சம் உப்பும், வழவழப்பைத் தரும் மியூசின் என்னும் புரதமும், கிருமிகளைப் பிடித்து அழிக்கும் சில புரதங்களும் இருக்கின்றன. நாம் இழுக்கும் காற்றில் வரும் தூசியும் மகரந்தமும் கிருமியும் இந்த வழவழப்பான படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. படலத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் ஒரே திசையில் அசைந்து, வயலில் நெற்கதிர்கள் காற்றுக்குச் சாய்வதைப்போல அலையலையாக, அந்தப் படலத்தை நிமிடத்துக்கு அரை சென்டிமீட்டர் அளவில் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அங்கிருந்து நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். வயிற்றின் அமிலம் மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. குழந்தை சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிட்டது என்று தாய்மார்கள் பதறுவதைப் பார்க்கிறேன். அதில் கெடுதல் எதுவும் இல்லை. பெரியவர்களாகிய நாமும் நாள் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த ஓட்டத்தை அளக்க மருத்துவர்கள் ஓர் எளிய சோதனை செய்வதுண்டு. மூக்கின் முன்பகுதியில், உள்பக்கச் சுவரில் சாக்கரின் துகள் ஒன்றை வைத்துவிட்டு, நாக்கில் இனிப்பு எப்போது தெரிகிறது என்று கேட்பார்கள். நுண்மயிர்கள் நன்றாக வேலை செய்தால் பொதுவாக 10 முதல் 20 நிமிடத்துக்குள் தொண்டையில் இனிப்புத் தட்டும். அரை மணி நேரம் கடந்தும் தெரியாவிட்டால் ஓட்டம் மந்தமாக இருக்கிறது என்று பொருள். சளியின் நிறம் மாறுவதில் இந்த ஓட்டத்தின் வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால்தான் இதைச் சொல்கிறேன். ஓடுகிற சளி தெளிவாக இருக்கும், தேங்குகிற சளி கெட்டியாகி நிறம் ஏறும்.

சளியைக் கழிவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1921ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஆய்வு செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், தமக்கு ஜலதோஷம் பிடித்திருந்தபோது தம் மூக்குச்சளியையே எடுத்து பாக்டீரியா வளர்க்கும் தட்டில் இட்டுப் பார்த்தார். சளி பட்ட இடத்தைச் சுற்றி ஒரு வகை பாக்டீரியா கரைந்து மறைவதைக் கண்டார். அதற்குக் காரணமான நொதிக்கு லைசோசைம் என்று பெயரிட்டு 1922இல் வெளியிட்டார். அவர் பெனிசிலினைக் கண்டது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான். மருந்துக் கடையில் நாம் தேடும் பொருளின் கதையில், அதற்கு முந்தைய அத்தியாயம் நம் மூக்கிலேயே இருக்கிறது.

இனி நிறங்களுக்கு வருவோம். தெளிந்த நீர்போன்ற சளி இயல்பானது. அது மிகுதியாக ஒழுகினால் ஏதோ ஒன்று மூக்கைத் தூண்டியிருக்கிறது என்பதுதான் பொருள். மிளகு ரசத்தைச் சூடாகக் குடிக்கும்போது மூக்கு ஒழுகுவது, காரம் நரம்புகளைத் தூண்டுவதால். அழும்போது ஒழுகுவது, கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்குள் திறக்கும் சிறு குழாய் வழியாகக் கண்ணீரும் அங்கே வடிவதால். வீட்டைப் பெருக்கும்போதோ, பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கும்போதோ அடுக்கடுக்காகத் தும்மல் வந்து, கண்ணும் மூக்கும் அரித்து, தண்ணீராகக் கொட்டினால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. காய்ச்சலும் உடல்வலியும் இல்லாமல் வாரக்கணக்கில் அப்படியே தொடர்ந்தால் ஒவ்வாமை என்ற ஐயம் இன்னும் வலுக்கும். வைரஸால் வரும் சாதாரண ஜலதோஷமும் முதல் ஓரிரு நாள் இதே தெளிந்த நீராகத்தான் தொடங்குகிறது. ஆகவே "தண்ணீராகத்தானே வருகிறது" என்பது தொற்று இல்லை என்பதற்குச் சான்றாகாது. பிறருக்குப் பரப்பும் வாய்ப்பு அந்தத் தொடக்க நாட்களில்தான் அதிகம்.

வெள்ளைக்கு அதிகம் சொல்வதற்கு இல்லை. மூக்கின் உள்தோல் வீங்கி வழி குறுகும்போது சளி மெதுவாக நகர்கிறது, நீர் வற்றுகிறது, கலங்கலாகவும் கெட்டியாகவும் ஆகிறது. மூக்கடைப்புடன் வரும் வெண்சளி என்பது இவ்வளவுதான்.

மஞ்சளும் பச்சையும்தான் நின்று பார்க்க வேண்டியவை. ஜலதோஷம் தொடங்கி மூன்றாம் நாள் வாக்கில் சளி மஞ்சளாவதும் அடுத்து பச்சையாவதும் மிக இயல்பான போக்கு. என் மகளுக்கு ஆறு வயதில் வந்த ஒரு சளியை, பதறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே நாள்தோறும் குறித்துவைத்தேன். முதல் இரண்டு நாள் தண்ணீராக ஒழுகியது. மூன்றாம் நாள் வெண்மையாகக் கெட்டிப்பட்டது. நான்காம் நாள் காலை அவள் எழுந்து சிந்தியபோது கைக்குட்டையில் இருந்தது பாசிப்பச்சை. ஆனால் அன்று மாலையே அது வெளிர் மஞ்சளாகத் தெரிந்தது. மறுநாள் காலை மீண்டும் பச்சை. இரவெல்லாம் படுத்த நிலையில் சளி நகராமல் தேங்கி, வாயால் மூச்சுவிட்டதில் காய்ந்து, நிறம் செறிந்துபோவதால் காலைச் சளி எப்போதும் அடர்ந்து காணும். ஒரே நாளில் காலையில் பச்சையும் மாலையில் மஞ்சளுமாக வருவதை வைத்துக் காலையில் ஒரு நோய், மாலையில் வேறு நோய் என்று சொல்ல முடியுமா? காய்ச்சல் இல்லை, விளையாட்டு குறையவில்லை. ஒன்பதாம் நாள் சளி வெளிறி மெலிந்தது. மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை.

அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது? கிருமியின் நிறம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நம்முடைய சொந்த நிறம். தொற்று ஏற்பட்ட இடத்துக்கு ஓடிவரும் வெள்ளணுக்களில் முதல் படை நியூட்ரோஃபில் எனப்படுபவை. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. அவற்றின் ஆயுளோ மிகக் குறைவு. ஒவ்வொன்றின் உள்ளேயும் மயலோபெராக்ஸிடேஸ் என்னும் நொதி சிறு சிறு பைகளில் நிறைந்திருக்கிறது. இந்த நொதி செய்யும் வேலை வியப்பானது: தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைக்கும்போது உண்டாகும் அதே ஹைப்போகுளோரஸ் அமிலத்தை இது நம் உடலுக்குள் உண்டாக்கிக் கிருமியைக் கொல்கிறது. நொதியின் நடுவில் இரும்பு இருக்கிறது. இரத்தத்துக்குச் செம்மையைத் தரும் அதே ஹீம் வகை இரும்புதான். ஆனால் புரதத்தோடு அது பிணைந்திருக்கும் விதம் வேறாக இருப்பதால் இங்கே பச்சையாகத் தெரிகிறது. சளியில் நியூட்ரோஃபில்கள் கொஞ்சம் சேர்ந்தால் மஞ்சள். நிறையச் சேர்ந்து மடிந்து நொதியை வெளியே விட்டால் பச்சை.

சுவீடன் நாட்டு அறிவியலாளர் கியெல் ஆக்னர் 1941இல் இந்த நொதியை முதன்முதலில் பிரித்தெடுத்தபோது, பசுமையைக் குறிக்கும் சொல்லை முன்னே சேர்த்து வெர்டோபெராக்ஸிடேஸ் என்றே பெயர் வைத்தார். அவர் அதைப் பிரித்தெடுத்தது சீழிலிருந்து. இங்கே நம் மொழி எனக்கு நினைவுக்கு வருகிறது. கட்டி சீழ் வைத்தால் "பழுத்துவிட்டது" என்கிறோம். சளி மஞ்சளாகித் திரண்டாலும் "பழுத்துவிட்டது" என்கிறோம். இரண்டு இடத்திலும் திரண்டிருப்பது அதே வெள்ளணு, அதே பச்சை நொதி. ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்தவர்கள் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் பொருத்தமாகவே சொல்லியிருக்கிறார்கள். சளி பழுத்தால் இறங்கத் தொடங்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும், பச்சை என்றால் உடனே ஆன்டிபயாடிக் என்ற இன்றைய நினைப்பைவிட உண்மைக்கு நெருக்கமானது.

வெள்ளணுக்கள் வைரஸை எதிர்த்தும் வரும், பாக்டீரியாவை எதிர்த்தும் வரும். எதிரி யாராக இருந்தாலும் படையின் சீருடை பச்சைதான். அதனால் நிறத்தை மட்டும் பார்த்து எதிரி வைரஸா பாக்டீரியாவா என்று யாராலும், அனுபவமுள்ள மருத்துவராலும் சொல்ல இயலாது. சூடோமோனாஸ் போன்ற சில பாக்டீரியாக்களுக்குத் தாமே பச்சை நிறமி உண்டு என்பது உண்மைதான். ஆனால் நலமாக இருப்பவர்களுக்கு வரும் சாதாரண ஜலதோஷத்தில் அவற்றைத் தேட வேண்டியதில்லை. ஜலதோஷம் பெரும்பாலும் ரைனோவைரஸ் முதலிய வைரஸ்களால் வருவது. வைரஸின் மேல் ஆன்டிபயாடிக் எந்த வேலையும் செய்யாது.

அப்படியானால் "நான் சாப்பிட்டேன், எனக்குச் சரியானதே" என்பவர்களுக்கு என்ன விடை? நாட்களை எண்ணிப் பாருங்கள். பச்சையைப் பார்த்து மாத்திரை தொடங்குவது வழக்கமாக நான்காம் அல்லது ஐந்தாம் நாள். சாதாரண ஜலதோஷம் தானாகவே ஏழு முதல் பத்து நாளில் அடங்கிவிடும். ஐந்தாம் நாள் தொடங்கியவருக்கு எட்டாம் நாள் தெளிந்தால், மாத்திரை தெளிய வைத்ததுபோல் தோன்றும். மாத்திரை இல்லாவிட்டாலும் அதே எட்டாம் நாள் தெளிந்திருக்கும். இதற்கிடையில் அந்த மாத்திரை குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்து வயிற்றுப்போக்கைத் தரலாம். உயிர் பிழைத்த பாக்டீரியாக்களை மருந்துக்கு மசியாதவையாகப் பழக்கியும் விடலாம். பிறகு ஒரு நாள் நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ உண்மையான தொற்று வரும்போது அதே மருந்து கைவிடும். மாத்திரை அட்டையின் பின்புறம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது என்று பொருள். இதை மக்களிடம் சேர்க்க இந்திய அரசு 2016இல் ஓர் இயக்கமே நடத்தியது. அடுத்த முறை அட்டையைத் திருப்பிப் பாருங்கள் என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன்.

பாக்டீரியா சைனஸ் தொற்று என்று ஒன்று இல்லாமல் இல்லை. வைரஸ் சளியால் வழி அடைபட்டு, சைனஸ் அறையில் தேங்கிய சளியில் பாக்டீரியா பெருகும்போது அது வருகிறது. பெரியவர்களில் நூறு பேருக்கு ஜலதோஷம் வந்தால் ஏறத்தாழ ஒருவர் அல்லது இருவருக்குத்தான் அப்படி ஆகிறது. அதை மருத்துவர்கள் நிறத்தை வைத்தன்று, நாட்களின் போக்கை வைத்தே ஊகிக்கிறார்கள். பத்து நாள் கடந்தும் சிறிதும் குறையாத சளி ஒன்று. ஐந்தாறு நாளில் குறைந்துவந்த சளி திடீரென்று மீண்டும் மோசமாகி, புதிதாகக் காய்ச்சலும் முகவலியும் தருவது இன்னொன்று. தொடக்கத்திலிருந்தே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும், கன்னத்திலோ நெற்றியிலோ வலியும், சீழ்போன்ற சளியும் மூன்று நான்கு நாள் விடாமல் இருப்பது மூன்றாவது. இவற்றில் ஒன்று இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். கண் இமை வீங்கிச் சிவந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, தாங்க முடியாத தலைவலியோடு கழுத்து விறைத்தாலோ, நாட்களை எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிவப்பு என்பது இரத்தம். மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியில், விரல் எட்டும் இடத்தில், நுண்ணிய இரத்தக் குழாய்கள் பின்னலாகக் கூடியிருக்கின்றன. அவற்றின் மேல் உள்ள தோல் மிக மெல்லியது. வறண்ட காற்று, இரவெல்லாம் ஏசி, ஓயாமல் சிந்துதல், விரல் நகம் ஆகிய எதுவும் அதைக் கீறிவிடும். சில்லுமூக்கு உடைந்துவிட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உடைந்தால் தலையை அண்ணாந்து பார்க்கச் செய்வது நம்மிடையே வழக்கம், அது தவறு. அண்ணாந்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கிக் குமட்டலும் புரையேறுதலும் உண்டாகும். உட்கார்ந்து தலையைச் சற்று முன்னால் குனிந்து, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டே, எலும்பு முடிந்து மூக்கு மெத்தென்று இருக்கும் கீழ்ப்பகுதியை இரண்டு விரல்களால் இறுகப் பிடித்து, நடுவில் திறந்து பார்க்காமல் பத்து முதல் பதினைந்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்தும் நிற்காவிட்டாலும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

பழுப்பு நிறம் பெரும்பாலும் உறைந்து பழையதான இரத்தமோ, வெளியிலிருந்து வந்த தூசியோதான். செங்கல் சூளையிலோ கட்டட வேலையிலோ நிற்பவர்களுக்கும், மூக்குப்பொடி போடுபவர்களுக்கும் இது தெரிந்த நிறம். விறகடுப்பின் முன் ஊதாங்குழலோடு உட்கார்ந்து எழுந்தவர்களும், டீசல் புகைக்குள் நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர்களும் மாலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாகவே வரும். அந்தக் கறுப்பு சளி தன் வேலையைச் செய்ததன் அடையாளம். ஆனால் மூக்கில் இவ்வளவு பிடிபட்டால் பிடிபடாமல் நுரையீரலுக்குப் போனது எவ்வளவு என்று யோசிக்க வைக்கும் அடையாளமும் அதுவே.

புகையும் தூசியும் இல்லாமலே கறுப்பு வந்தால் அது வேறு கதை. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்ற பெயரில் நாம் அஞ்சிய மியூகோர் பூஞ்சைத் தொற்று, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்து எதிர்ப்பாற்றல் குறைந்திருந்தவர்களை அதிகமாகத் தாக்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு இதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூன் இறுதிக்குள் நாடு முழுவதும் 40,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தனர். பூஞ்சை கருப்பானதன்று. அது இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடுவதால் இரத்தம் எட்டாமல் இறந்துபோகும் சதைதான் கறுத்துப்போகிறது. சர்க்கரை நோயுள்ளவருக்கு மூக்கில் கறுத்த பொருக்கோ கறுத்த நீரோ வந்து, முகத்தின் ஒரு பக்கம் வலித்து மரத்துப்போனால், கண் வீங்கினால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

நிறத்தோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இரண்டு துளையிலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா? வைரஸும் ஒவ்வாமையும் பொதுவாக இரண்டு பக்கத்தையும் தாக்கும். சிறு குழந்தைக்கு ஒரு துளையில் மட்டும் நாற்றமெடுக்கும் பச்சைச் சளி நாட்கணக்கில் ஒழுகினால், உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். புளியங்கொட்டை, பாசிமணி, கடலை, பஞ்சு, அழிரப்பர்த் துண்டு என்று குழந்தைகள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்வார்கள். வீட்டில் எடுக்க முயன்றால் அது இன்னும் உள்ளே போகும். பொம்மையிலோ ரிமோட்டிலோ இருக்கும் பொத்தான் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரைப் பொசுக்கிவிடும். அது நள்ளிரவானாலும் அவசரம். பெரியவர்களுக்குத் தலையில் அடிபட்ட பிறகு ஒரு துளையில் மட்டும், குனியும்போது தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வடிந்தால், அது சளியாகவே இல்லாமல் மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். எல்லா நிறங்களிலும் பயமற்றது என்று நாம் நினைக்கும் தெளிந்த நீர், இந்த ஓர் இடத்தில் பச்சையைவிட ஆபத்தானது.

சாதாரண சளிக்கு வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. வெதுவெதுப்பாக எதையாவது அடிக்கடி குடித்தால் சளி இளகும். உப்புநீர் மூக்கடைப்பைத் தளர்த்தும். ஆனால் மூக்கைக் கழுவும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் குழாய்த் தண்ணீரிலோ குளத்து நீரிலோ இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளையை எட்டும் என்பதைக் கேரளத்தில் அண்மைக் காலத்தில் கண்டோம். ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், கிருமியைக் கொல்லாது. சிறு பிள்ளைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் உட்கார வைக்க வேண்டாம், தீக்காயத்தோடு வரும் பிள்ளைகள் அதிகம். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால், நிறுத்தியவுடன் முன்னைவிட மோசமாக அடைக்கும்.

மருத்துவரிடம் போக நேர்ந்தால் "பச்சையாக வருகிறது" என்பதோடு நிறுத்திவிடாமல், சளி தொடங்கி எத்தனை நாளாயிற்று, நடுவில் குறைந்து மீண்டும் கூடியதா, எந்தத் துளையில் வருகிறது, காய்ச்சல் எத்தனை டிகிரி, முகத்தில் எங்கே வலி, சர்க்கரை நோய் உண்டா என்பதை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள். நாள்தோறும் குறித்து வந்தால் அந்தத் தாளிலேயே பாதி விடை இருக்கும்.